ஓசெல்லா திருப்பி வைத்த கரண்டி

எங்கள் சபையில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட மாட்டார்கள். அடக்க ஆராதனை முடிந்து கீழ்க்கூடத்தில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போதும், கண்ணைத் துடைத்த கைக்குட்டை ஈரம் காயாமல் கையில் இருக்கும்போதும், கரண்டியை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி வந்துவிடும். "இது யார் செஞ்சது?" பதில் பிடித்திருந்தால் தட்டில் விழும். இல்லாவிட்டால், "வயிறு சரியில்ல" என்று நகர்ந்துவிடுவார்கள். மக்ரோனியானாலும் உருளைக்கிழங்கு சாலடானாலும் இதே கதைதான். பூனை வளர்க்கிறவர்கள் கொண்டுவரும் சாலடை, முடி கிடக்குமோ என்று நானும் இந்த வயதுவரை தொட்டதில்லை.

பீன்ஸுக்கு மட்டும் அந்தக் கேள்வி கிடையாது. முப்பது வருடமாக அதை நான்தான் செய்கிறேன். என் பெயர் ஆர்னெட்டா. ஊரில் கோபக்காரி என்றால் என்னைத்தான் காட்டுவார்கள், அதில் பொய்யும் இல்லை. ஆனால் என் பீன்ஸை ஒருவரும் வேண்டாமென்று ஒதுக்கியதில்லை. ஒரே ஒருத்தி ஒதுக்கினாள். அவள் என் கூடப்பிறந்த அக்கா ஓசெல்லா. அதுவும் எங்கள் அம்மாவைப் புதைத்த அன்று.

அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் புரியாது. அம்மா கடைசிக் காலத்தில் ஓசெல்லா வீட்டில் இருந்தாள். பிரஷர். உப்புக்கறி வாயிலேயே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பீன்ஸை வெறும் தண்ணீரில் வேகவைத்து ஓசெல்லா கொடுப்பாள். அம்மா என்னிடம் போனில் அழுவாள். "ஆர்னெட்டா, இவ எனக்கு மாட்டுத் தீவனம் போடுறாடி. நீ வந்து ஒரு தடவை செஞ்சு குடுடி. செத்தா செத்துட்டுப் போறேன்." எத்தனை நாள் தாங்குவது? ஒரு சனிக்கிழமை மனசு கேட்காமல் செய்துவிட்டேன். கறி புகைபோட்டு விற்கிற ஹூலட் வீட்டுப் பின்கட்டில் உப்பேற்றி ஹிக்கரி மரக்கட்டைப் புகையில் தொங்கிய பன்றிக் கணுக்கால் ஒன்றை வாங்கி, இரண்டு மணி நேரம் தனியாக வேகவிட்டு, எலும்பு கழன்று சாறு இறங்கியதும் பீன்ஸை ஒடித்துப் போட்டு, இன்னும் இரண்டு மணி நேரம். பச்சை நிறம் போய், பழுத்த ஆலிவ் நிறத்துக்கு வந்து, கரண்டி பட்டால் குழைய வேண்டும். அதுதான் பதம். கறுக்முறுக்கென்று பாதி வேக்காட்டில் இறக்குகிறவர்கள் இந்தக் காலத்தில் உண்டு. அவர்கள் குதிரைக்குச் சமைக்கிறார்கள்.

மத்தியானம் அம்மாவுக்குச் சின்னக் கிண்ணத்தில் அரைக் கிண்ணம் கொடுத்தேன். அதற்கு மேல் கேட்டாள், கொடுக்கவில்லை. மிச்சத்தை ஓசெல்லா சாப்பிடட்டும் என்று அவள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை சர்ச்சுக்குக் கிளப்பப் போனபோது அம்மாவுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்.

சாவு வீட்டுக்காரர்கள் சமைக்கக் கூடாது என்பார்கள். நான் கேட்கவில்லை. என் அம்மா அடக்கத்துக்கு இன்னொருத்தி பீன்ஸா? கணுக்கால் போட்டு நானே செய்தேன். கூடத்தில் இருநூறு பேர். வரிசையில் ஓசெல்லா வந்தாள், கரண்டியில் அள்ளினாள், அப்புறம் நிமிர்ந்து, ஊரே அறிந்த விஷயத்தை அறியாதவள்போல, "இது யார் செஞ்சது?" என்றாள்.

"ஆர்னெட்டாதான், வேற யாரு?" என்றாள் மேசையருகே நின்ற சிஸ்டர் பியூலா.

ஓசெல்லா கரண்டியை அப்படியே கவிழ்த்துத் திருப்பி வைத்தாள். "அம்மாவைக் கொன்னது போதாதா? சபையையும் கொல்லணுமா?" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டையாக முடிந்திருக்கும்.

ஒரு வேளைச் சாப்பாடு ஆளைக் கொல்லாது என்று டாக்டர் அப்போதே சொன்னார். அதை யார் காதில் வாங்கினார்கள்? நானே வாங்கவில்லை. அன்றோடு என் அடுப்பில் கணுக்கால் ஏறவில்லை. பீன்ஸுக்குப் புகைபோட்ட வான்கோழிக் கால் போட ஆரம்பித்தேன், உப்பைப் பாதியாகக் குறைத்தேன். சபையில் முணுமுணுத்தார்கள். "என்ன சிஸ்டர், பீன்ஸ் இளைச்சுப் போச்சே?" என்றார் ஒரு டீக்கன். "நீங்க இளைக்கலையே, சந்தோஷப்படுங்க" என்றேன். காரணம் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஓசெல்லா ஒவ்வொரு விருந்திலும் என் பாத்திரத்தைத் தாண்டிப் போனாள். பதினொரு வருடம் நாங்கள் பேசவில்லை. ஒரே சபை, நடுவில் நாலு வரிசை பெஞ்சு.

போன ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் மகள் ரொவீனா என் வீட்டுக்கு வந்தாள். பர்மிங்காமில் வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பெண். முகம் வாடிப்போயிருந்தது.

"சித்தி, அம்மாவை ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வந்துட்டோம். இதயமும் போச்சு, கிட்னியும் போச்சு. இனிமே மருந்து இல்ல, கேட்டதைக் குடுங்கன்னுட்டாங்க. நாலு நாளா ஒண்ணும் இறங்கல. இன்னைக்குக் காலையில பீன்ஸ் வேணும்னாங்க."

"பீன்ஸ் கடையில டப்பால கிடைக்குதே."

"சித்தி..."

"யாரு செஞ்ச பீன்ஸ் வேணும்னா? என் பேரைச் சொன்னாளா?"

"பேரெல்லாம் சொல்லல. பீன்ஸ்னா இந்த ஊர்ல யாரு சித்தி? சாகப்போறவங்ககிட்டயா ரோஷம்?"

அந்தப் பெண் அழுதுவிட்டாள். நானும்தான். ஆனால் அவள் போன பிறகுதான் அழுதேன்.

புதன்கிழமை விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தேன். நார் நீளமாக உரிகிற நாட்டு பீன்ஸ், இரண்டு படி. கணுக்கால் வாங்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அம்மாவைக் கொன்றவள் அக்காவையும் கொன்றாள் என்று கல்லறைவரை பேச்சாகிவிடும். எப்போதும் போல வான்கோழிக் காலையே போட்டேன்.

பன்னிரண்டரைக்கு அவள் கட்டில் பக்கத்தில் நின்றேன். மலைபோல இருந்த பொம்பளை. போர்வைக்கடியில் ஆள் இருப்பதே தெரியவில்லை. பல்செட் இல்லாமல் வாய் குழிந்திருந்தது, கால் மட்டும் வீங்கியிருந்தது. ரொவீனா தலையணையை உயர்த்தி உட்காரவைத்தாள். கிண்ணத்தை நீட்டினேன்.

ஓசெல்லா கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "இது யார் செஞ்சது?" என்றாள்.

சாகிற நேரத்திலும் அந்தக் கேள்வி! எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உன் எதிர்ல நிக்கிறேனே, கண்ணு தெரியலையா? நான்தான் செஞ்சேன். வேணும்னா தின்னு, வேணாம்னா திருப்பி வை. உனக்குத்தான் பழக்கமாச்சே."

அவள் வாயைத் திறந்தாள். ஊட்டினேன். மெதுவாக மென்றாள், இன்னொரு வாய் வாங்கினாள். பிறகு முகம் மாறியது.

"இதுல கணுக்கால் இல்லையே."

"வான்கோழி."

"எனக்கு உப்பு ஆகாதுன்னா? ஏண்டி, நான்தான் போகப் போறேனே. இனிமே என்ன?"

"உனக்குன்னு இல்ல. எல்லாருக்கும் இதுதான்."

"சர்ச்சுக்கும் இப்படியா செய்றே?"

"பதினொரு வருஷமா இப்படித்தாம்மா" என்றாள் ரொவீனா. "ஊரே புலம்புது. உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு வாய் சாப்பிட்டிருந்தால்தானே தெரியும், அவள் காதுபட என் பீன்ஸ் பேச்சை யார் எடுத்தார்கள்? ஓசெல்லாவின் தாடை ஆட ஆரம்பித்தது.

"ஏண்டி ஆர்னெட்டா? ஏன் அப்படிச் செஞ்சே?"

"ஏன்னு நீயா கேக்குற? கூடத்துல இருநூறு பேர் முன்னாடி என்னைக் கொலைகாரின்னுட்டு? கணுக்காலைப் பார்த்தாலே எனக்கு அம்மா வாய் இழுத்துக்கிட்டது ஞாபகம் வருது. நான் குடுத்த அரைக் கிண்ணம்தானே அவளைக் கொன்னுச்சு?"

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"அரைக் கிண்ணம் இல்லடி" என்றாள். "நீ போனப்புறம், சாயங்காலம் அம்மா மறுபடி கேட்டா. கெஞ்சுனா. ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து காட்டுனா. நான் சூடுபண்ணிப் பெரிய கிண்ணம் நெறைய குடுத்தேன். சோளரொட்டியைச் சாறுல முக்கி முக்கித் தின்னா. இன்னும்னா. இன்னும் குடுத்தேன். பாத்திரத்தையே காலி பண்ணிட்டா. அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. நான்தான் ஊட்டுனேன். காலையில நீ வர்றதுக்குள்ள பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துட்டேன். மிச்சத்தைக் கொட்டிட்டேன்னு உன்கிட்ட சொன்னேன்."

ரொவீனா கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது.

"வரிசையில கரண்டியை எடுத்தேன் பாரு, அந்த வாசனை. அம்மா வாய்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. என்னால முடியல. பழியைத் தூக்கி உன் மேல போட்டுட்டேன். அதுக்கப்புறம் திருப்பி எடுக்கத் தெரியல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உன் முதுகைப் பார்த்துட்டு உக்காந்திருப்பேன், இன்னைக்குச் சொல்லிடலாம்னு."

"பதினொரு வருஷம்" என்றேன்.

"ஆர்னெட்டா, கணுக்கால் போட்டு ஒரு தடவை செஞ்சு எடுத்துட்டு வாடி. நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். அவ்வளவுதான் கேக்குறேன். சேர்ந்து உக்காந்து."

அந்த இடத்தில் நல்லவள் ஒருத்தி இருந்திருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள். நான் கையை உதறினேன். "பதினொரு வருஷம் என்னை உயிரோட புதைச்சுட்டு, இப்போ உனக்கு நாக்கு ருசி கேக்குதா? உனக்கு நான் ஏன் செய்யணும்? நீயே ஊட்டுனவதானே, நீயே செஞ்சுக்கோ" என்றேன். கிண்ணத்தைப் பிடுங்கினேன், பாத்திரத்தைத் தூக்கினேன். வாசலுக்கு ரொவீனா ஓடிவந்தாள், "சித்தி, சித்தி" என்று. கார்க்கதவை அவள் முகத்தில் அடித்தாற்போலச் சாத்தினேன். மணி ஒன்று.

வீட்டுக்கு வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நான் திட்ட வேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்துத் திட்டினேன். நான் சாப்பிடாமல் விட்டதை, நான் தூங்காத இரவுகளை, அம்மா கல்லறைக்குத் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டதை, எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லித் திட்டினேன். பாவி, அம்மா சிரித்ததையும் எனக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டாளே. அதற்குத்தான் எல்லாவற்றையும்விட வயிறெரிந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுச் சிரித்துவிட்டுத்தான் அம்மா படுத்திருக்கிறாள். பசியோடு போகவில்லை. அது எனக்குத் தெரிந்திருந்தால் போதுமே.

அந்த நினைப்பு வந்த பிறகுதான் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றேகால். காரை எடுத்துக்கொண்டு ஹூலட் வீட்டுக்குப் போனேன்.

"கணுக்கால் ஒண்ணு குடு."

ஹூலட் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தான். "யாரு, ஆர்னெட்டாவா கேக்குறது? உலகம் முடியப் போகுதா? பாஸ்டருக்குச் சொல்லிட்டியா?"

"வாயை மூடிட்டுக் கொழுத்ததா ஒண்ணு எடு. அவசரம்."

"கணுக்காலுக்கு ஏதுடி அவசரம்?" என்றான் அவன், காகிதத்தில் சுற்றிக்கொண்டே.

மூன்றரைக்கு அடுப்பு எரிந்தது. கணுக்கால், வெங்காயம், ஒரு காய்ந்த மிளகாய், முங்கத் தண்ணீர். தீயைக் கூட்டினால் தோல் இறுகிக்கொள்ளும், சாறு இறங்காது. குறைத்தே வைத்தேன். பீன்ஸை நார் உரித்து ஒடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீடு முழுக்க அந்தப் புகைவாசனை ஏறியது. பதினொரு வருடத்துக்குப் பிறகு. எனக்குப் பயமாக இல்லை, பசித்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொல்லித் திட்ட வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டேன். ஐந்தரைக்கு எலும்பு கழன்றது. பீன்ஸைப் போட்டு மூடினேன்.

ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது போன் அடித்தது. ரொவீனா. அவள் "சித்தி" என்றதும் தெரிந்துவிட்டது.

அடுப்பை அணைத்தேன். கையில் துணியைச் சுற்றிப் பாத்திரத்தை அப்படியே தூக்கிக் காரில் முன்சீட்டில் வைத்தேன். பீன்ஸ் இன்னும் பச்சையாகக் கிடந்தது. ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விட்டுவிட்டுப் போகக் கை வரவில்லை.

ஓசெல்லா கட்டிலில் உயரமாகச் சாய்ந்தபடியே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் நீல நிறச் சட்டை போட்டிருந்தாள். வாய் மத்தியானம் போலக் குழிந்திருக்கவில்லை. அவள் பல்செட்டை மாட்டியிருந்தாள்.

"நீங்க போனதும் நான் உங்களுக்குப் போன் பண்ணப் போனேன் சித்தி" என்றாள் ரொவீனா. "அம்மா விடல. 'அவ கோவிச்சுக்கிட்டுத்தான் போவா, ஆனா போய் முதல்ல அடுப்பைத்தான் பத்தவைப்பா, எனக்குத் தெரியும். அவசரப்படுத்தாதே, அவசரப்படுத்துனா கெடுத்துடுவா'ன்னாங்க. விரல் விட்டு எண்ணுனாங்க. கணுக்காலுக்கு ரெண்டு மணி, பீன்ஸுக்கு ரெண்டு மணி. 'ஒரு மணிக்குப் போனா, அஞ்சு மணிக்கு வருவா'ன்னாங்க. நாலரைக்கே பல்லை எடுத்துக் குடுன்னாங்க. சட்டையை மாத்தச் சொன்னாங்க. ரெண்டு கிண்ணம் எடுத்து வைக்கச் சொன்னாங்க. அஞ்சு மணிக்கு மேல ஒவ்வொரு கார் சத்தத்துக்கும், 'அவதானா பாரு'ன்னாங்க. அஞ்சு நாப்பதுக்கு..."

படுக்கைப் பக்கத்துச் சின்ன மேசையில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. இரண்டு கரண்டிகள்.

சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை அவள் அடுப்பில் ஏற்றினேன். குறைந்த தீ வைத்தேன். ரொவீனா பின்னாலேயே வந்து பார்த்துவிட்டுப் போனாள். அது வெந்துகொண்டிருக்கும்போதே சபையிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பாஸ்டர் வந்து ஜெபித்தார், அடக்கம் செய்கிறவர்களின் கறுப்பு வண்டி வந்தது. நான் அடுப்பை விட்டு இரண்டு தடவைதான் நகர்ந்தேன். ஒரு தடவை அவள் நெற்றியில் முத்தம் கொடுக்க. இன்னொரு தடவை வண்டிக்கதவைச் சாத்த. "அக்கா, வந்துட்டேன்டி" என்றேன் நெற்றியில் வாயை வைத்துக்கொண்டு. வேறென்ன சொல்வது? திட்டுவதற்கு யோசித்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

ஏழரை மணிக்குப் பீன்ஸ் பதத்துக்கு வந்தது. கரண்டி பட்டதும் குழைந்தது. ஆலிவ் நிறம். மேலே எண்ணெய் கண்ணு கண்ணாக மிதந்தது. என் வாழ்நாளில் நான் செய்ததில் அதுதான் நல்ல பீன்ஸ் என்று நினைக்கிறேன்.

சிஸ்டர் பியூலா வாசனையை மோந்துகொண்டே சமையலறைக்கு வந்தாள். வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரியாது. மூடியைத் தூக்கி முகத்தை நீட்டினாள். "ஏசப்பா, கணுக்கால்" என்றாள். பழக்கதோஷம், கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"இது யார் செஞ்சது?"

"நான்தான் செஞ்சேன்" என்றேன். "ரெண்டரை மணி நேரம் தாமசமா செஞ்சேன்."